கோல் கம்பத்தைக் காத்த கரங்கள்



பரிசளிப்பு விழா என்றால் நம் பள்ளியில் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? மேடையில் மேசை. மேசைமேல் வெள்ளைத் துணி. அதன்மேல் வரிசையாகக் கிண்ணங்களும் புத்தகக் கட்டுகளும். தலைமையாசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட பிள்ளை மேடையேறுகிறது, கைதட்டல் கேட்கிறது, அம்மாவின் கண்களில் நீர் நிறைகிறது. அந்த நேரத்தில் பந்தலின் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, தன் பெயரும் வரும், வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பட்டியல் முடிந்துவிடும். பெயர் வராது.

இந்தக் கட்டுரையை முதலில் அந்தப் பிள்ளைக்காக எழுதுகிறேன். பரிசு வாங்கிய பிள்ளைகளும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஏனென்றால், நான் சொல்லப் போவது பரிசை வென்றும் அதை வாங்கப் போக முடியாமல் போன ஒருவரின் கதை. அவர் நம் இனத்தவர், நம் நாட்டவர். தம் இரண்டு கைகளால் இந்த நாட்டின் மானத்தைப் பல ஆண்டுகள் காத்து நின்றவர். மலேசியக் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம்தான் அவர்.

இளைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொன்னவுடனேயே தாத்தா நிமிர்ந்து உட்காருவார். ஸ்பைடர்மேனா என்று கேட்பார். ஆமாம், ஆறுமுகத்துக்கு ரசிகர்கள் இட்ட பட்டப்பெயர் அதுதான், சிலந்தி மனிதர். நீண்ட கைகள் அவருக்கு. பந்து எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கை அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வலையின் முன்னே இன்னொரு வலை பின்னியதுபோல நிற்பார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேற்றுமை இல்லாமல் எல்லோரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள்.

கம்பங்களுக்கு நடுவே ஒரு மனிதர்

ஆறுமுகத்தின் கதைக்குள் போகும் முன், கோல்கீப்பரின் வேலை என்னவென்று கொஞ்சம் பார்ப்போம்.

தோட்டத்துப் பிள்ளைகள் பந்தடிக்கிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பால்மரம் சீவப் போன அப்பா வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, சற்று கண்ணயர்ந்து எழுந்திருக்கும் மாலை நேரம். லயத்துக்கு முன்னால் உள்ள திடலில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். இரண்டு ஜோடி செருப்புதான் கோல் கம்பம். யார் கோல்கீப்பர் என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் நழுவுவார்கள். எல்லாருக்கும் கோல் அடிக்க ஆசை. ஓட முடியாதவன், வயதில் சிறியவன், இல்லை புதிதாக வந்தவன், இவர்களில் ஒருவனைப் பிடித்துச் செருப்புகளுக்கு நடுவில் நிறுத்திவிடுவார்கள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே நிற்பான்.

ஏன் யாரும் அந்த இடத்தை விரும்புவதில்லை? அங்கே கணக்கு வேறு மாதிரி. முன்னாட்டக்காரன் பத்து முறை பந்தை வெளியே அடித்துவிட்டு, பதினோராவது முறை கோல் போட்டால் அவனைத் தோளில் தூக்கி ஆடுவார்கள். கோல்கீப்பர் பத்துப் பந்தைப் பிடித்துவிட்டு, பதினோராவது பந்தை விட்டால் அவரை ஏசுவார்கள். பிடித்த பத்தும் மறந்து போகும். விட்ட ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கும்.

முறையான திடலில் கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 8 கஜம், அதாவது 24 அடி. உயரம் 8 அடி. பெருக்கிப் பாருங்கள், 192 சதுர அடி! அத்தனை இடத்தையும் ஓர் ஆள், இரண்டு கையையும் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு காக்க வேண்டும். பெனால்டி உதையில் பந்து 12 கஜத்துக்கு அப்பால் வைக்கப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பந்து வந்தால், அது கோல் கோட்டைத் தொட அரை வினாடிகூட ஆகாது. நீங்கள் கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும் நேரம்தான். அதற்குள் பார்க்க வேண்டும், முடிவு செய்ய வேண்டும், பாய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மற்ற பத்துப் பேர் தவறு செய்தால் திருத்திக்கொள்ளப் பின்னால் ஆள் இருப்பார்கள். கோல்கீப்பருக்குப் பின்னால் இருப்பது வலை மட்டும்தான்.

ரப்பரும் ஈயமும் கொடுத்த கிண்ணம்

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தவர். நாடு சுதந்திரம் அடைந்தபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. ஆகவே சுதந்திர மலாயாவோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்று சொல்லலாம். 1970களில் அவர் சிலாங்கூர் மாநிலக் குழுவின் கோல்கீப்பராகப் புகழ் பெற்றார். அந்தப் புகழுக்கு மேடையாக அமைந்தது மலேசியக் கிண்ணப் போட்டி.

அந்தக் கிண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்கு எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் ஒன்று கட்டப்பட்டது. அதற்கான செலவைக் கொடுத்தவை பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்கள். அந்த மாநிலங்களின் கஜானாவை நிரப்பியவை எவை? கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் தோட்டங்களின் ரப்பரும் அல்லவா! மண்ணை வெட்டியவர் வியர்வையும் மரத்தைச் சீவியவர் வியர்வையும் கப்பலாக மிதந்தன என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கப்பலின் மாலுமிகள் நன்றிக்கு அடையாளமாகக் கொடுத்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய போட்டிதான், 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்ற பெயரைப் பெற்றது. நம் பாட்டன் பூட்டன் உழைப்பின் ஒரு துளி அந்தக் கிண்ணத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேராக் மக்களுக்கு அந்தக் கிண்ணத்தின்மேல் தனி ஆசை. 1967இலும் 1970இலும் நம் மாநிலக் குழு அதை வென்றது. ஆனால் அதற்குப் பின் வந்த காலம் சிலாங்கூரின் பொற்காலம். 1971, 1972, 1973, 1975, 1976, 1978, 1979, 1981, 1982, 1984, 1986 என்று, பதினாறு ஆண்டுகளில் பதினொரு முறை அந்த மாநிலம் கிண்ணத்தைத் தூக்கிச் சென்றது. முன்னால் மொக்தார் டஹாரி கோல் மழை பொழிவார். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் கோட்டைச் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரையும் தாண்டி வருகிற பந்துக்கு ஆறுமுகத்தின் கைகள் காத்திருக்கும். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். அந்த நாளில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அவர்கள் ஒரே குழு, அவ்வளவுதான்.

நாம் பேராக் ஆட்கள். சிலாங்கூருடன் மோதும்போது நம் குழு ஜெயிக்க வேண்டும் என்றுதான் நாம் கத்துவோம். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கம்பத்தில் நிற்பவர் நம்ம ஆறுமுகம்! நம் ஆள் அடிக்கும் பந்து உள்ளே போகவும் வேண்டும், ஆறுமுகம் அதைப் பிடிக்கவும் வேண்டும் என்று மனம் இரண்டாகப் பிளந்து தவித்த பெரியவர்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது நம் நாட்டில் கால்பந்து, சம்பளத்துக்கு ஆடும் தொழிலாக மாறவில்லை. ஆட்டக்காரர்கள் பகலில் எங்காவது வேலை பார்ப்பார்கள். மாலையில் பயிற்சிக்கு ஓடுவார்கள். பாதித் தொழில்முறைக் கழகப் போட்டி நம் நாட்டில் தொடங்கியதே 1989இல்தான். ஆகவே ஆறுமுகத்தின் தலைமுறை ஆடியது பெரும் பணத்துக்காக அல்ல. பின் எதற்காக? மார்பில் இருந்த புலிச் சின்னத்துக்காக என்றுதான் சொல்ல வேண்டும்.

நாட்டின் கம்பத்தில்

1970களின் முற்பகுதியிலேயே ஆறுமுகம் தேசியக் குழுவுக்குள் வந்துவிட்டார். 1974இல் ஈரான் நாட்டின் தெஹ்ரான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் மலேசியக் கால்பந்துக் குழு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வட கொரியாவை 2க்கு 1 என்று வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. ஆசியாவிலேயே மூன்றாவது இடம்! இன்றைய பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கும். அந்தக் குழுவில் அவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 21.

1977இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மலேசியா தாய்லாந்தை 2க்கு 0 என்று வென்று தங்கம் பெற்றது. 1979இல் ஜாகர்த்தாவில், இந்தோனேசிய மக்கள் நிறைந்த அரங்கிலேயே, இந்தோனேசியாவை 1க்கு 0 என்று வென்று மறுபடியும் தங்கம். இந்த இரண்டு முடிவுகளையும் இன்னொரு முறை படியுங்கள். இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிராளியின் கணக்கில் இருப்பது பூஜ்யம். அந்தப் பூஜ்யங்கள் கோல் போட்டவர் பட்டியலில் வராது. பத்திரிகையின் தலைப்பிலும் வராது. ஆனால் அவை இல்லாமல் தங்கம் இல்லை.

பூஜ்யத்தைக் காப்பதுதான் கோல்கீப்பரின் தொழில். நடக்காமல் போன கெடுதலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. பாலத்தைச் செப்பனிட்டவனை யாருக்கும் தெரியாது. பாலம் உடைந்தால்தான் அவன் பெயரைத் தேடுவார்கள்.

1980, மெர்டேக்கா அரங்கம்

இப்போது கதையின் நடுவுக்கு வந்துவிட்டோம்.

1980ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரஷ்யத் தலைநகர் மாஸ்கோவில் ஒலிம்பிக் போட்டி நடைபெறவிருந்தது. ஆசியாவிலிருந்து எந்தெந்த நாடுகள் அங்கே கால்பந்து ஆடப் போகும் என்பதை முடிவு செய்யும் தேர்வுப் போட்டிகளில் ஒரு பிரிவு, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. 1957 ஆகஸ்டு 31இல் நாட்டின் சுதந்திரம் முழங்கிய அதே அரங்கம். மலேசியாவோடு தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகிய நாடுகள் அந்தப் பிரிவில் இருந்தன. கார்ல் ஹெயின்ஸ் வெய்காங் என்ற ஜெர்மானியர் நம் குழுவுக்குப் பயிற்சி அளித்தார். ஈப்போ மக்கள் அவரை மறக்க முடியாது. பிற்காலத்தில் பேராக் குழுவுக்குப் பயிற்சியாளராக வந்து, 1998இலும் 2000இலும் மலேசியக் கிண்ணத்தை நம் மாநிலத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரேதான்.

குழு ஆட்டத்திலேயே தென் கொரியாவை நம்மவர்கள் வென்றிருந்தார்கள். ஆனாலும் இறுதி ஆட்டத்தில் அதே கொரியர்களை மறுபடியும் சந்திக்க வேண்டியிருந்தது. அடிபட்ட புலி சும்மா இருக்குமா? வேகத்திலும் உடல் வலுவிலும் ஆசியாவின் முன்னணியில் நின்றவர்கள் அவர்கள்.

ஏப்ரல் மாதத்தின் அந்த இரவை நினைத்துப் பாருங்கள். அரங்கம் நிரம்பி வழிகிறது. அரங்குக்குப் போக முடியாதவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறார்கள். லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அந்த வீட்டு வாசலே திருவிழாக் கூட்டமாகிவிடுகிற காலம் அது. பெட்டி கிடைக்காதவருக்கு வானொலிதான் துணை.

அந்த ஆட்டத்தில் ஆறுமுகம் காத்த கம்பத்துக்குள் ஒரு பந்து போனது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. கோல்கீப்பரின் வாழ்க்கையில் மிகக் கடினமான நேரம் எது தெரியுமா? வலைக்குள் கிடக்கும் பந்தைக் குனிந்து எடுக்கிற நேரம்தான். எல்லாக் கண்களும் அவர்மேல் இருக்கும். தலை நிமிர்ந்து, பந்தை நடுத்திடலுக்கு அனுப்பிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் கோட்டில் வந்து நிற்க வேண்டும். போன பந்தையே நினைத்துக்கொண்டு நின்றால் வருகிற பந்தும் போய்விடும். ஆறுமுகம் நிமிர்ந்து நின்றார். இரண்டாவது பந்து போகவில்லை.

மறுபக்கத்தில், சபா மாநிலம் தந்த இருவர், ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும், வேலையை முடித்தார்கள். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்தினார். மலேசியா 2, தென் கொரியா 1. ஊதல் ஒலித்தது. மலேசியா ஒலிம்பிக் போகிறது!

முன்பு 1972இல் மூனிக் நகருக்கு நம் கால்பந்துக் குழு போயிருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் அந்தக் கதவு திறந்தது. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. ஒரு கோல்கீப்பருக்கு அது நல்ல பக்குவமான வயது.

மூடிய கதவு

ஆனால் மாணவச் செல்வங்களே, அவர் மாஸ்கோ போகவில்லை.

1979 டிசம்பர் மாதத்தில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தான் நாட்டுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்கா உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. அவற்றில் மலேசியாவும் ஒன்று. நம் குழுவின் இடத்தில் ஈராக் நாட்டுக் குழு மாஸ்கோவில் ஆடியது.

அந்த முடிவு சரியா, தவறா என்று இன்றும் பேசுவார்கள். ஒரு சிறிய நாட்டைப் பெரிய நாடு ஒன்று படை கொண்டு நுழைந்து மிதிக்கும்போது, சும்மா பார்த்துக்கொண்டு அங்கேயே போய் விளையாடுவதா என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இத்தனை ஆண்டுகள் பாடுபட்டவன் கையிலிருந்து கனியைப் பறிப்பதா என்று வருந்தியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விலை கொடுத்தவர்கள் அந்தத் திடலில் புரண்டு எழுந்த இளைஞர்கள்.

வென்றவனுக்கு மாலை போட வேண்டிய நேரத்தில் மேடையே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? மேடையில் பெயரைக் கூப்பிட்டு, பிள்ளை எழுந்து நடந்து வரும்போது விழா முடிந்தது என்று விளக்கை அணைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

அதன்பின் என்ன செய்தார் என்பதில்தான் ஆறுமுகத்தின் பெருமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் வீட்டில் உட்காரவில்லை. மறுபடியும் அதே கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். 1980களின் நடுப்பகுதிவரை தேசியக் குழுவின் சட்டையை அணிந்தார். நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் நூற்றுக்கும் மேல். ஆனால் ஒலிம்பிக் கதவு அவருக்கு மறுபடியும் திறக்கவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் போகும் தகுதியை மலேசியா பெறவில்லை. அவருக்கு மட்டுமா? 1980க்குப் பின், 2024வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் நம் கால்பந்துக் குழு இடம் பெற்றதில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போதுதான், அந்த இரவில் 2க்கு 1 என்று கிடைத்தது எவ்வளவு பெரிய வெற்றி என்பது நமக்குப் புரிகிறது.

முப்பத்தைந்து வயது

1988ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சாலை விபத்து ஒன்றில் ஆறுமுகம் உயிரிழந்தார். வயது 35. ஆயிரம் பந்துகளைப் பாய்ந்து பிடித்தவர் ஒரு கணத்தில் போய்விட்டார். ஆட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மனிதனுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்க வேண்டும். இளைய கோல்கீப்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பேரப்பிள்ளைகளோடு திடலோரம் உட்கார்ந்திருக்கலாம். அந்த வாழ்க்கை அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுதான், முன்னே சொன்னேனே, அந்தப் பாதித் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. ஆட்டக்காரன் ஆட்டத்தாலேயே பிழைக்கலாம் என்ற காலம் பிறந்தபோது, அதற்கு வழி போட்டவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை. அவரோடு ஆடிய மொக்தார் டஹாரியும் 1991இல், 40 வயதைத் தொடும் முன்பே நோயால் மறைந்தார்.

உலகத்தில் கோல் அடித்தவர்களைப் பாடியவர்கள் அதிகம். கோல் காத்தவர்களைப் பாடியவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒருவர் பாடப்பட்டார். ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்தவர் பிரான்ஸ் பிளாட்கோ. புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். நம் முன்னோர்கள் கடல் தாண்டிப் பிழைக்க வந்ததுபோல, அவரும் பிழைப்பைத் தேடிச் சொந்த நாட்டை விட்டு, 1923இல் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா குழுவுக்குக் கோல்கீப்பராகப் போனார். 1928ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் கிண்ண இறுதி ஆட்டம். எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது அவர் தலையில் பலத்த அடி. இரத்தம் வழியத் தூக்கிக்கொண்டு போனார்கள். தையல் போட்டுக் கட்டுக் கட்டியதும் மனிதர் திரும்பித் திடலுக்கே வந்துவிட்டார்! அந்த ஆட்டம் சமமாக முடிந்தது. மறு ஆட்டமும் சமம். மூன்றாவது ஆட்டத்தில் பார்சலோனா கிண்ணத்தை வென்றது. அன்று பார்வையாளராக இருந்த ராபேல் ஆல்பர்ட்டி என்ற ஸ்பானியக் கவிஞர், பிளாட்கோவின்மேல் ஒரு நெடும் பாட்டே எழுதினார். அந்நிய மண்ணில் பிழைக்கப் போன ஒரு காவலனை அந்த மண்ணின் கவிஞன் பாடினான். பிளாட்கோ பிறகு பயிற்சியாளராகப் பல நாடுகளுக்குப் போய், 1983இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் காலமானார். பார்சலோனாவில் அவர் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

நம் ஆறுமுகத்துக்கு அப்படி ஒரு பாட்டு உடனே வரவில்லை. 2016இல்தான் அவருடைய தலைமுறையின் கதை திரைக்கு வந்தது. சியூ கெங் குவான் என்ற இயக்குநர் எடுத்த ஓலா போலா என்ற மலேசியப் படம், 1980ஆம் ஆண்டின் அந்த ஒலிம்பிக் தேர்வுக் கதையை அடிப்படையாகக் கொண்டது. பெயர்களையும் சம்பவங்களையும் படத்துக்காக மாற்றியிருந்தார்கள். அதில் முத்து என்ற ஒரு தமிழ்க் கோல்கீப்பர் வருவார். அந்த முத்துவைப் பார்த்தவுடனேயே அரங்கில் இருந்த பெரியவர்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, அவர் முகத்தையே பார்த்திராத பிள்ளைகள் அந்தக் கோல்கீப்பருக்காகக் கைதட்டினார்கள். பரிசு தாமதமாக வந்தது; ஆனால் வந்தது.

நமக்கு என்ன?

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை.

நம் தோட்டங்கள் மாறிவிட்டன. பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்களை விட்டுக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பத்து காஜாவுக்கும் இன்னும் தொலைவுக்கும் போய்விட்டன. லயத்தோடு சேர்ந்து லயத்துத் திடலும் போய்விட்டது. செருப்பை வைத்துப் பந்தடிக்கக்கூட இடம் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே பிள்ளை பள்ளித் திடலில் பந்தடிக்க அனுமதி கேட்டால், படிப்பு கெட்டுப்போகும் என்று உடனே தடுத்துவிடாதீர்கள். ஆண்பிள்ளை கேட்டாலும் சரி, பெண்பிள்ளை கேட்டாலும் சரி. படிப்பும் வேண்டும், திடலும் வேண்டும். விழுந்து எழுவதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் திடலைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பாட்டாளித் தோழர்களே, உங்களிடம் இன்னொரு வார்த்தை. விடியும் முன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, மழையா வெயிலா என்று பார்க்காமல் வேலை செய்து, பிள்ளை பட்டினி கிடக்காமல், பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடாமல் காத்தீர்களே, அதுவும் கோல்கீப்பர் வேலைதான். நடக்காமல் தடுத்த கெடுதல்களுக்கு யாரும் உங்களுக்குக் கிண்ணம் கொடுக்கவில்லை. ஆனால் இன்று மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் வலையை மறைத்து நின்ற ஒரு ஜோடிக் கைகள் இருக்கின்றன. பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கைகளைத் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் செல்வமே, உனக்கு.

இன்று உன் பெயரைக் கூப்பிடவில்லை. வருத்தமாகத்தான் இருக்கும். வருத்தப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆறுமுகத்துக்கும் வருத்தம் இருந்திருக்கும். மாஸ்கோவில் வேறொரு நாட்டின் குழு இறங்கியபோது அவர் நெஞ்சு எரிந்திருக்கும். ஆனால் மறுநாளும் பயிற்சித் திடல் இருந்தது, கம்பங்கள் இருந்தன, அவர் போய் நின்றார். பரிசு தருவது மற்றவர்கள் கையில். நிற்பது நம் கையில். ஆடிய ஆட்டத்தை யாராலும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. மலேசியா 2, தென் கொரியா 1 என்ற கணக்கை எந்தப் புறக்கணிப்பாலும் அழிக்க முடியவில்லையே!

நாளைக் காலை பள்ளி மணி அடிக்கும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. மாலையில் திடலுக்கும் வா. யார் கோல்கீப்பர் என்று கேட்டு எல்லாரும் நழுவும்போது, நான் நிற்கிறேன் என்று நீ முன்னே வா.

வாழ்க ஆறுமுகத்தின் புகழ்! வளர்க நம் பள்ளி!